உணவு நுண்ணுயிர்களின் வெப்ப அழிவுக் கணிப்பு

உணவு நுண்ணுயிர்களின் வெப்ப அழிவுக் கணிப்பு என்பது, உணவைப் பதப்படுத்தும்போது கொடுக்கப்படும் வெப்பத்தில் நோய் விளைவிக்கும் பாக்டீரியாக்களும் அவற்றின் வித்துகளும் எவ்வளவு அழியும், எவ்வளவு எஞ்சும் என்பதைக் கணித முறையில் முன்கூட்டியே மதிப்பிடுவது ஆகும். இது உணவு நுண்ணுயிரியலின் ஒரு பிரிவு. பால் பதப்படுத்தல், தகரக் கலன்களில் உணவடைத்தல், இறைச்சி சமைத்தல் ஆகியவற்றுக்கான வெப்பநிலையும் நேரமும் பெரும்பாலும் இக்கணிப்புகளைக் கொண்டே முடிவு செய்யப்படுகின்றன.

வெப்பப்படுத்திய உணவில் பாக்டீரியா "முற்றிலும் இல்லை" என்று இத்துறை எப்போதும் கூறுவதில்லை. ஒன்றேனும் எஞ்சியிருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு சிறியது என்றே கூறுகின்றது. அவ்வாய்ப்பை ஏற்கத்தக்க அளவுக்குக் குறைப்பதே வெப்பப் பதப்படுத்தலின் நோக்கம் ஆகும்.

வரலாறு

பிரான்சைச் சேர்ந்த நிக்கோலா அப்பேர், உணவைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்துக் கொதிநீரில் வைத்துக் காக்கும் முறையைக் கண்டறிந்தார். இதனை நூலாக வெளியிட்டதற்காக 1810 இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்குகள் பரிசளித்தது. உணவு ஏன் கெடவில்லை என்பது அப்போது எவருக்கும் தெரியாது. நுண்ணுயிர்களே காரணம் என்பதை லூயி பாஸ்டர் 1860களில் விளக்கினார்.

1890களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சாமுவேல் பிரெஸ்காட், வில்லியம் அண்டர்வுட் ஆகியோர், கலன்களில் அடைத்த சிப்பி இறைச்சி ஏன் கெடுகின்றது என்று ஆராய்ந்தனர். கொதிநீரிலும் சாகாத வித்துகள் இதற்குக் காரணம் என்று அவர்கள் காட்டினர்.

1908 இல் இலண்டனின் லிஸ்டர் ஆய்வுக்கழகத்தைச் சேர்ந்த ஹாரியட் சிக், கிருமிநாசினியால் பாக்டீரியாக்கள் இறப்பது ஒரு வேதிவினையைப் போன்றே நிகழ்வதை வெளியிட்டார். சம கால இடைவெளிகளில் சம எண்ணிக்கை இறப்பதில்லை, எஞ்சியிருப்பவற்றில் சம விகிதம் இறக்கின்றது என்பதே அவரது முடிவு. பின்னர் வெந்நீரைக் கொண்டும் அவர் இத்தகைய ஆய்வுகளைச் செய்தார்.

1919, 1920 ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாவில் அடைக்கப்பட்ட ஒலிவக் காய்களை உண்ட பலர், ஒகையோ, மிச்சிகன், நியூயார்க் முதலிய மாநிலங்களில் பொட்டுலிசம் என்னும் நச்சு நோயால் இறந்தனர். இதனைத் தொடர்ந்து கலிபோர்னியாவில் எஸ்டி, கார்ல் மேயர் ஆகியோர் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் வித்துகளின் வெப்பத் தாங்குதிறனை விரிவாக அளந்து 1922 இல் வெளியிட்டனர். 6,000 கோடி வித்துகளை அழிக்க 121.1 °செ வெப்பநிலையில் 2.78 நிமிடமும், 100 °செ வெப்பநிலையில் ஏறத்தாழ 330 நிமிடமும் தேவைப்படும் என்பது அவர்களது முடிவு. சோதனைக் குழாய் சூடேற எடுத்துக்கொண்ட நேரத்தைக் கழித்து, 1938 இல் முதல் எண் 2.45 நிமிடம் எனத் திருத்தப்பட்டது.

அதே காலத்தில் அமெரிக்கக் கலனடைப்போர் சங்கத்தின் ஆய்வகத்தில் பிகலோவும் அவரது குழுவினரும் கலனுக்குள் வெப்பம் பரவும் வேகத்தையும் வித்துகள் அழியும் வேகத்தையும் இணைத்துக் கணக்கிடும் முறையை 1920 இல் வெளியிட்டனர். அக்குழுவைச் சேர்ந்த சார்லஸ் ஒலின் பால் 1923 இல் இதனைச் சூத்திரமாக்கினார்.

மடக்கை அழிவு விதி

மாறா வெப்பநிலையில் வைக்கப்பட்ட ஒரே வகைப் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை, ஒவ்வொரு குறிப்பிட்ட கால இடைவெளியிலும் பத்தில் ஒரு பங்காகக் குறைகின்றது என்பதே இத்துறையின் அடிப்படை எடுகோள் ஆகும். எண்ணிக்கையின் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும்.

மடக்கை(எ) = மடக்கை(எ₀) − (நே ÷ டி)

இங்கு எ₀ என்பது தொடக்க எண்ணிக்கை, எ என்பது நே நேரத்தின் பின் எஞ்சும் எண்ணிக்கை, டி என்பது கீழே விளக்கப்படும் மாறிலி.

டி-மதிப்பு

ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்காகக் குறைய, அதாவது 90 விழுக்காடு அழிய, எடுக்கும் நேரம் டி-மதிப்பு எனப்படும். ஒரு கிராம் உணவில் 10,000 பாக்டீரியாக்கள் இருந்து டி-மதிப்பு 1 நிமிடமாக இருந்தால், 1 நிமிடத்தின் பின் 1,000, 2 நிமிடங்களின் பின் 100, 4 நிமிடங்களின் பின் 1 என எண்ணிக்கை குறையும். 6 நிமிடங்களின் பின் கிடைக்கும் 0.01 என்பதற்கு, நூறு கிராமில் ஒன்று எஞ்சியிருக்கலாம் என்பது பொருள். இக்கோடு சுழியத்தைத் தொடுவதே இல்லை.

இசட்-மதிப்பு

டி-மதிப்பு பத்தில் ஒன்றாகக் குறைய வெப்பநிலை எத்தனை பாகை உயரவேண்டும் என்பதே இசட்-மதிப்பு ஆகும்.

டி = டி₀ × 10^((வெ₀ − வெ) ÷ இசட்)

இதில் டி₀ என்பது வெ₀ என்னும் ஒப்பீட்டு வெப்பநிலையில் அளந்த டி-மதிப்பு. வித்துகளுக்கு இசட் பெரும்பாலும் 10 °செ அளவிலும், வித்துருவாக்காத பாக்டீரியாக்களுக்கு 4 முதல் 7 °செ வரையிலும் அமைகின்றது.

எஃப்-மதிப்பு

ஓர் உணவு பெற்ற மொத்த வெப்பத்தை ஒப்பீட்டு வெப்பநிலையிலான நிமிடங்களாக மாற்றிக் கூறுவது எஃப்-மதிப்பு ஆகும். ஒப்பீட்டு வெப்பநிலை 121.1 °செ (250 °பா) ஆகவும், இசட் 10 °செ ஆகவும் கொள்ளப்படும்போது அது எஃப்₀ எனக் குறிக்கப்படும்.

பன்னிரண்டு-டி கோட்பாடு

குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் காற்றில்லாச் சூழலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் கொடிய நஞ்சைச் சுரக்கும். மூடிய கலன் அதற்கு உகந்த இடம். எனவே அமிலத்தன்மை குறைந்த (காரகாடித்தன்மைச் சுட்டெண் 4.6 இற்கு மேற்பட்ட) உணவுகளைக் கலனிலடைத்து அறை வெப்பநிலையில் வைப்பதாயின், இதன் வித்துகள் 12 முறை பதின்மடங்கு குறைய வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் நடைமுறை.

121.1 °செ வெப்பநிலையில் இவ்வித்துகளின் டி-மதிப்பு 0.21 நிமிடம் எனக் கொண்டால், 12 × 0.21 = 2.52 நிமிடம் தேவை. இதனைச் சற்று உயர்த்தி, குறைந்தது 3 நிமிட எஃப்₀ வேண்டும் என்பது வழக்கம். ஒரு கலனில் 1,000 வித்துகள் இருந்தாலும், பன்னிரண்டு-டி வெப்பத்தின் பின் நூறு கோடிக் கலன்களில் ஒன்றில் மட்டுமே ஒரு வித்து எஞ்சும் என்று எதிர்பார்க்கலாம்.

இதே வித்துகளைக் கொதிநீரில் மட்டும் அழிக்க முயன்றால் என்ன ஆகும் என்பதையும் சூத்திரத்திலிருந்து அறியலாம். 100 °செ வெப்பநிலையில் டி-மதிப்பு ஏறத்தாழ 27 நிமிடம். பன்னிரண்டு-டி அடைய 325 நிமிடம், அதாவது ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான நேரம், தேவை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் நீர் 92 அல்லது 93 °செ அளவிலேயே கொதிப்பதால், அங்கு இந்நேரம் ஏறத்தாழ 30 மணியாகும். உயரழுத்த நீராவிக் கலன் இன்றி இத்தகைய உணவுகளைக் கலனிலடைப்பது ஏன் ஏற்கப்படுவதில்லை என்பதற்கு இக்கணக்கே விளக்கம்.

உணவைக் கெடுக்கும், ஆனால் நோய் தராத, வேறு சில வித்துகள் இன்னும் வலியவை. கியோபசில்லஸ் ஸ்டியரோதெர்மோபிலஸ் வித்துகளின் டி-மதிப்பு 121.1 °செ வெப்பநிலையிலும் சில நிமிடங்கள் ஆகும். ஆகவே தொழிற்சாலைகள் பெரும்பாலும் 3 நிமிடத்தைவிட உயர்ந்த எஃப்₀ மதிப்பைப் பயன்படுத்துகின்றன.

மாறும் வெப்பநிலையில் கணிப்பு

உண்மையில் எந்த உணவும் உடனடியாகச் சூடேறுவதில்லை. எனவே கலனில் மிக மெதுவாகச் சூடேறும் இடத்தில், அதாவது குளிர்புள்ளியில், வெப்பநிலைமானியைப் பொருத்தி, சிறு சிறு கால இடைவெளிகளின் பங்களிப்புகளைக் கூட்டுகின்றனர்.

எஃப்₀ = Σ Δநே × 10^((வெ − 121.1) ÷ 10)

எடுத்துக்காட்டாக, ஒரு கலனின் குளிர்புள்ளி பின்வருமாறு வெப்பம் பெற்றதாகக் கொள்வோம்.

* 111.1 °செ – 10 நிமிடம் – பங்களிப்பு 1.00
* 116.1 °செ – 4 நிமிடம் – பங்களிப்பு 1.26
* 121.1 °செ – 2 நிமிடம் – பங்களிப்பு 2.00
* 111.1 °செ (குளிரும்போது) – 5 நிமிடம் – பங்களிப்பு 0.50

மொத்த எஃப்₀ 4.76 நிமிடம். உச்ச வெப்பநிலையில் 2 நிமிடம் மட்டுமே இருந்தபோதும் இக்கலன் தேவையான அளவைக் கடந்துள்ளது.

அடுக்குக்குறிச் சார்பு என்பதால் சிறு பிழைகளும் பெரிதாகின்றன. வெப்பநிலைமானி உண்மையைவிட 1 °செ கூடுதலாகக் காட்டினால், 3 நிமிடம் எனக் கருதப்பட்ட எஃப்₀ உண்மையில் 2.38 நிமிடமே ஆகும். இது பன்னிரண்டு-டி அளவான 2.52 நிமிடத்தைவிடக் குறைவு. நியூயார்க் பகுதியில் 1971 இல் கலனிலடைத்த உருளைக்கிழங்குச் சூப்பை உண்ட ஒருவர் பொட்டுலிசத்தால் இறந்தார். அக்கலன்களுக்குப் போதிய வெப்பம் கொடுக்கப்படாததே காரணம் எனக் கண்டறியப்பட்டது. இந்நிகழ்வை அடுத்து அமெரிக்காவில் கலனுணவுக்கான விதிகள் கடுமையாக்கப்பட்டன.

எடுத்துக்காட்டு: கொத்திறைச்சியில் ஈ. கோலை ஓ157:எச்7

இப்பாக்டீரியா மனிதருக்கு நோய் விளைவிப்பது 1982 இல் முதன்முறையாக அறியப்பட்டது. கொத்திய மாட்டிறைச்சியில் இதன் டி-மதிப்புகளாக டாய்ல், ஷோனி ஆகியோர் 1984 இல் வெளியிட்டவை வருமாறு:

* 57.2 °செ – 270 நொடி
* 60.0 °செ – 45 நொடி
* 62.8 °செ – 24 நொடி
* 64.3 °செ – 9.6 நொடி

இப்புள்ளிகளின் மடக்கைகளுக்கு ஒரு நேர்கோட்டைப் பொருத்தினால் இசட்-மதிப்பு ஏறத்தாழ 5 °செ எனக் கிடைக்கின்றது. அதனைக் கொண்டு 68.3 °செ வெப்பநிலையில் டி-மதிப்பு ஏறத்தாழ 1.5 நொடி எனக் கணிக்கலாம்.

1993 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாஷிங்டன், ஐடஹோ, கலிபோர்னியா, நெவாடா ஆகிய மாநிலங்களில், ஜாக் இன் தி பாக்ஸ் என்னும் துரித உணவகங்களின் ஹாம்பர்கரால் 700 இற்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தனர். அப்போது அமெரிக்க நடுவண் அரசின் பரிந்துரை இறைச்சியின் உட்பகுதி 60 °செ வெப்பத்தை அடைய வேண்டும் என்பதாக இருந்தது. வாஷிங்டன் மாநில விதி 68.3 °செ வேண்டும் என்றது. இந்நிகழ்வுக்குப் பின் நடுவண் அரசின் பரிந்துரையும் 68.3 °செ ஆக உயர்த்தப்பட்டது.

அந்த இறைச்சி வட்டுகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, சமைக்கும் முன்னரே ஒரு வட்டில் 700 இற்கும் குறைவான பாக்டீரியாக்களே இருந்திருக்கும் என மதிப்பிடப்பட்டது. அவ்வளவு குறைந்த எண்ணிக்கையே நோய்க்குப் போதுமானது. 700 பாக்டீரியாக்கள் கொண்ட ஒரு வட்டு 15 நொடி வெப்பம் பெறுவதாகக் கொண்டால், 60 °செ வெப்பநிலையில் மூன்றில் ஒரு பதின்மடங்குக் குறைப்பே நிகழும். ஏறத்தாழ 325 பாக்டீரியாக்கள் எஞ்சும். 68.3 °செ வெப்பநிலையில் அதே 15 நொடியில் பத்து பதின்மடங்குக் குறைப்பு நிகழும். எட்டுப் பாகை வேறுபாடு அத்தகையது.

இங்கு ஒரு குறையும் உள்ளது. சோதனை 64.3 °செ வரை மட்டுமே நடத்தப்பட்டது. 68.3 °செ மதிப்பு கோட்டை நீட்டிப் பெற்றது. அளந்த எல்லைக்கு அப்பால் நீட்டும் எந்தக் கணிப்பையும் தனியே சோதித்தே ஏற்க வேண்டும்.

நேர்கோட்டில் அமையாத அழிவு

பல சோதனைகளில் மடக்கைக் கோடு வளைகின்றது. தொடக்கத்தில் சிறிது நேரம் எண்ணிக்கை குறையாமல் இருப்பது தோள் எனவும், இறுதியில் ஒரு சிறு பகுதி நெடுநேரம் சாகாமல் இருப்பது வால் எனவும் அழைக்கப்படுகின்றது. பாக்டீரியாக்கள் திரளாக ஒட்டியிருத்தல், ஒவ்வொரு உயிரணுவும் வேறுபட்ட தாங்குதிறன் கொண்டிருத்தல், கொழுப்பினுள் மறைந்திருத்தல் முதலியன காரணங்களாகக் கூறப்படுகின்றன. சோதனைக் குழாயின் மேற்பகுதி சூடேறாமல் இருந்ததும் சில வேளைகளில் வாலாகத் தோற்றமளித்துள்ளது.

இதற்கு மாற்றாக, ஒவ்வொரு உயிரணுவும் இறக்கும் நேரத்தை ஒரு நிகழ்தகவுப் பரவலாகக் கொள்ளும் வெய்புல் மாதிரியை 1998 இல் பெலெக், கோல் ஆகியோர் முன்வைத்தனர்.

மடக்கை(எ ÷ எ₀) = −(நே ÷ க)^ப

இதில் க என்பது முதல் பதின்மடங்குக் குறைப்புக்கான நேரம், ப என்பது வளைவின் வடிவத்தைக் குறிக்கும் எண். ப = 1 எனில் பழைய நேர்கோடு கிடைக்கும். ப 1 இற்கு மேற்பட்டால் தோளும், குறைந்தால் வாலும் தோன்றும். வான் போகெல் 2002 இல், முன்னர் வெளிவந்த 55 தரவுத் தொகுதிகளை ஆராய்ந்தபோது, 39 இல் ப 1 இற்கு மேலும், 14 இல் 1 இற்குக் கீழும் இருந்தது. இரண்டில் மட்டுமே நேர்கோடு பொருந்தியது.

இது வெறும் கணித நுணுக்கம் அன்று. க = 1 நிமிடம் எனக் கொள்வோம். ஐந்து பதின்மடங்குக் குறைப்புக்கு நேர்கோட்டு மாதிரி 5 நிமிடம் என்கின்றது. ப = 2 எனில் 2.24 நிமிடமே போதும். ப = 0.5 எனில் 25 நிமிடம் தேவை. முதல் நிமிடத்தை மட்டும் அளந்துவிட்டு நேர்கோட்டை நம்புபவர், வால் உள்ள இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெப்பத்தையே கொடுப்பார்.

எனினும் கலனுணவுத் தொழிலில் நேர்கோட்டு மாதிரியே தொடர்ந்து பயன்படுகின்றது. பன்னிரண்டு-டி என்னும் பெரிய இடைவெளி அதன் பிழைகளை ஈடுசெய்வதும், பல்லாண்டு நடைமுறையில் அது பயனளித்திருப்பதும் இதற்குக் காரணங்கள். இடைவெளி குறைந்த மென்மையான பதப்படுத்தல்களில்தான் மாதிரியின் தேர்வு முதன்மை பெறுகின்றது.

வெப்பத் தாங்குதிறனை மாற்றும் காரணிகள்

டி-மதிப்பு பாக்டீரியாவுக்கு மட்டும் உரியதன்று. உணவைப் பொறுத்தும் அது மாறும்.

* நீர்த்தன்மை: உலர்ந்த உணவில் பாக்டீரியாக்கள் மிக வலிமை பெறுகின்றன. 70 °செ அளவில் பாலில் ஓரிரு நொடிகளில் குறையும் சால்மோனெல்லா, உருகிய சாக்லேட்டில் அதே குறைப்புக்குப் பல மணி நேரம் எடுத்துக்கொள்கின்றது.
* அமிலத்தன்மை: அமிலம் கூடினால் தாங்குதிறன் பொதுவாகக் குறைகின்றது. ஊறுகாய், பழச்சாறு ஆகியவற்றுக்குக் குறைந்த வெப்பம் போதுமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.
* கொழுப்பு: கொழுப்பு மிகுந்த உணவில் டி-மதிப்பு பொதுவாகக் கூடுகின்றது.
* முன்வெப்பம்: மெதுவாகச் சூடேறும் உணவில் பாக்டீரியாக்கள் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை உருவாக்கித் தம்மைக் காத்துக்கொள்கின்றன. கொத்திறைச்சிக் கலவையில் 48 °செ வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வைக்கப்பட்ட லிஸ்டீரியாவின் டி-மதிப்பு இரு மடங்குக்கும் மேலானது.
* வளர்ச்சி நிலை: விரைந்து பெருகும் பாக்டீரியாக்களைவிடப் பட்டினியுற்று வளர்ச்சி நின்றவை கூடுதல் வெப்பத்தைத் தாங்குகின்றன.

எந்த நுண்ணுயிரை இலக்காகக் கொள்வது என்பதும் மாறக்கூடியது. அமெரிக்காவில் பாலை 30 நிமிடம் சூடாக்குவதற்கான வெப்பநிலை காசநோய்க் கிருமியைக் கருதி 61.7 °செ ஆக இருந்தது. கியூ காய்ச்சலை உண்டாக்கும் காக்சியெல்லா பர்னெட்டி அதில் தப்புவது தெரியவந்ததால், 1956 இல் 62.8 °செ ஆக உயர்த்தப்பட்டது.

கணிப்பின் எல்லைகள்

வெப்பத்தின் பின் நிகழும் மாசை இக்கணிப்புகள் காட்டா. 1964 இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் நூற்றுக்கணக்கானோர் குடற்காய்ச்சலால் பாதிக்கப்பட்டனர். அர்ஜென்டினாவில் கலனிலடைத்த மாட்டிறைச்சி இதற்குக் காரணமாகக் கருதப்பட்டது. சூடான கலன்களைக் குளிர்விக்கப் பயன்படுத்திய, தூய்மை செய்யப்படாத ஆற்று நீர் கலனின் பொருத்துவாய் வழியே உள்ளே கசிந்திருக்கும் என்பதே பெறப்பட்ட விளக்கம்.

பாக்டீரியா இறந்தாலும் அது முன்னரே சுரந்த நஞ்சு எஞ்சலாம். ஆறிய சோற்றில் பெருகும் பசில்லஸ் செரியஸ் சுரக்கும் வாந்தி நஞ்சு 121 °செ வெப்பத்தையும் தாங்கும். மீண்டும் சூடாக்குவது அதனை அகற்றாது.

இக்காரணங்களால் கணிப்பு மட்டும் போதுமானதாகக் கருதப்படுவதில்லை. நோய் தராத, ஆனால் ஒத்த அல்லது கூடுதல் தாங்குதிறன் கொண்ட குளோஸ்ட்ரிடியம் ஸ்போரோஜீன்ஸ் போன்ற பதிலி நுண்ணுயிர்களை உணவில் கலந்து, உண்மையான பதப்படுத்தலில் அவை எவ்வளவு அழிகின்றன என்று சோதிக்கின்றனர்.

தரவுத்தளங்களும் மென்பொருட்களும்

அமெரிக்க வேளாண் துறை உருவாக்கிய நோய்க்கிருமி மாதிரியாக்க நிரல், 2003 இல் பிரித்தானிய, அமெரிக்க நிறுவனங்கள் இணைந்து தொடங்கிய காம்பேஸ் தரவுத்தளம், பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2005 இல் வெளியிடப்பட்ட ஜினாஃபிட் என்பன குறிப்பிடத்தக்கவை. ஜினாஃபிட், விரிதாள் மென்பொருளின் துணைநிரலாக இயங்கி, நேர்கோடு, தோள், வால், வெய்புல் முதலிய மாதிரிகளை ஒரே தரவுக்குப் பொருத்தி ஒப்பிட உதவுகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

* உணவுப் பாதுகாப்பு
* பொட்டுலிசம்
* லூயி பாஸ்டர்
* மடக்கை